வில் நுனியில் குதை (நாண் மாட்டும் இடம்) வெட்டுவது: தூரத்துக்கு எய்யும் வில்லுக்கு எது பொருந்தும்?

நிலாவெளியில் இருந்து ஒரு தம்பி கேட்டது இது: "அண்ணை, சமண்டலை மரத்தில் நானே செய்த வில். நீளம் 62 அங்குலம், 26 அங்குல இழுப்பில் 45 இறாத்தல். சாதாரண இலக்கு அம்பு 200 மீற்றருக்குக் கொஞ்சம் மேல போய் நிண்டிடுது. தூரத்துக்கு எய்யிற வில்லெண்டால் நுனி இலேசாய் இருக்க வேணும் எண்டு சொல்லுறாங்கள். குதையை எப்பிடி வெட்டுறது? ரெண்டு பக்கமும் காடி போடவா, நுனியை முளை மாதிரிச் சீவவா, இல்லாட்டி ஓட்டை போட்டு நாணைக் கோக்கவா? கொம்பு ஒட்ட வேணுமா?"

தம்பி, ஓட்டையை இப்போதே மறந்துவிடுங்கள். மற்ற இரண்டில் எது என்பதை நீங்கள் போடப்போகும் நாணும், முழு இழுப்பில் அந்த நாண் நுனியோடு பிடிக்கும் கோணமும்தான் தீர்மானிக்கும். ஆகவே நாணை முதலில் முடிவு செய்யுங்கள். பிறகு லிம்பின், அதாவது வில்லின் வளையும் கையின், கடைசி 15 சென்ரிமீற்றரை ஒடுக்குங்கள். குதை அதற்குப் பிறகுதான். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தடித்த நுனியில் அழகான குதையை வெட்டிவிட்டு, அம்பு ஏன் இன்னும் போகவில்லை என்று யோசிப்பார்கள்.

நுனியின் எடை ஏன் இவ்வளவு பேசப்படுகிறது? மண்வெட்டியின் பிடியில் ஒரு கல்லைக் கட்டி வீசுவதற்கும் அலகில் கட்டி வீசுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். லிம்பு அதன் அடியில் மடிகிறது என்று வைத்துக்கொண்டால், நுனியில் இருக்கும் 1 கிராம், லிம்பின் நடுவில் இருக்கும் 4 கிராமுக்குச் சமம். அடியிலிருந்துள்ள தூரம் இரட்டித்தால் பாதிப்பு நான்கு மடங்கு. பௌதிகவியலாளர் போல் குளொப்ஸ்ரெக் இதையெல்லாம் ஒரே எண்ணுக்குள் அடக்கினார். வில்லும் நாணும் தங்களை அசைப்பதற்கு விழுங்கும் சக்தியை, அம்போடு சேர்ந்து ஓடும் ஒரு கற்பனை எடையாகக் கணக்கில் எடுப்பது அவருடைய வழி. உங்கள் வில்லுக்கு அந்தக் கற்பனை எடை 10 கிராம் என்று வையுங்கள். 25 கிராம் இலக்கு அம்பில், வில் கொடுக்கும் சக்தியில் 71 வீதம் அம்புக்குப் போகும். அதே வில்லில் 10 கிராம் அம்பை எய்தால் 50 வீதம்தான் போகும், மிச்சப் பாதியை லிம்பும் நாணும் எடுத்துக்கொள்ளும். இப்போது கற்பனை எடையை 2 கிராம் குறைத்துப் பாருங்கள். கனமான அம்பின் வேகம் 3 வீதம் கூடும். இலேசான அம்பின் வேகம் 5 வீதத்துக்கு மேல் கூடும். காற்றுத் தடையை விட்டுவிட்டால் தூரம் வேகத்தின் வர்க்கப்படி ஏறுவதால், அந்த 5 வீதம் தூரத்தில் 11 வீதமாகும். காற்று அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும் என்பது வேறு கதை.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. இலக்கு அம்பையே தொடர்ந்து எய்வதானால் நுனியைச் சுரண்டி அதிகம் கிடைக்காது. முதலில் சின்ன இறகு வைத்த, மெல்லிய, இலேசான அம்பு ஒன்றைச் செய்யுங்கள். அப்போதுதான் நுனியில் செய்யும் வேலைக்குக் கூலி கிடைக்கும். இணையத்தில் 1,854 மீற்றர் என்ற சாதனையைப் பார்த்து மனம் தளரவும் வேண்டாம். 1971 இல் ஹரி டிரேக் அதை எய்தது கலிபோர்னியாவின் வறண்ட ஏரி ஒன்றில், காலால் வில்லைத் தள்ளி இரு கைகளாலும் நாணை இழுக்கும் கால்வில்லில். கையில் பிடித்த வில்லில் 1987 இல் டொன் பிரவுண் 1,222 மீற்றர் எய்திருக்கிறார். அந்த வில்களுக்கும் நம் மரத்தடி வில்லுக்கும் உறவு தூரம்.

சரி, அந்த 15 சென்ரிமீற்றருக்கு வருவோம். உங்கள் நுனியின் அகலத்தை நீங்கள் எழுதவில்லை. முதல் வில் செய்பவர்கள் வழக்கமாக விடும் அளவை எடுக்கிறேன்: நுனியில் 14 மில்லிமீற்றர், 15 சென்ரிமீற்றர் கீழே 20, தடிப்பு 11. சமண்டலை கனமான மரம், கன சென்ரிமீற்றருக்கு 0.8 கிராம் என்று போடலாம். அந்தத் துண்டு மட்டும் 22 கிராம் வரும். நுனியில் 8, கீழே 16 என்று ஒடுக்கினால் 16 கிராமுக்குக் குறையும். ஒரு லிம்புக்கு 6 கிராம் மிச்சம். குதையின் வடிவத்தை எப்படி மாற்றினாலும் உங்களுக்கு மிஞ்சப்போவது ஒரு கிராம், அதுவும் கஷ்டப்பட்டு. எங்கே அரத்தை வைக்க வேண்டும் என்று இனிச் சொல்லத் தேவையில்லை.

அகலத்தில் எடுங்கள், தடிப்பில் எடுக்காதீர்கள். வளையும் திசையில் விறைப்பைத் தருவது தடிப்பு. அது மூன்றாம் அடுக்காக வேலை செய்யும், 11 இலிருந்து 9 ஆக்கினால் விறைப்பு பாதிக்குக் கிட்ட வந்துவிடும். நுனி வளையத் தொடங்கினால் தூரமும் போய்விடும். துருக்கியர்களின் கொம்பு வில்களின் நுனிப் பகுதியும் இதே முறைதான், பக்கவாட்டில் ஒடுக்கம், ஆழத்தில் தடிப்பு, கொஞ்சமும் வளையாது. இஸ்தான்புல்லின் ஒக்மெய்டான் மைதானத்தில் அம்பு விழுந்த இடத்தில் கல் நட்டுத் தூரத்தைப் பதிந்தவர்கள் அவர்கள். நுனி விடயத்தில் அவர்களைப் பின்பற்றினால் பிழை வராது. ஒடுக்கும்போது ஒரு பயம் மட்டும் இருக்க வேண்டும்: நுனி பக்கவாட்டில் திரும்பிவிடக் கூடாது. ஒவ்வொரு முறை அரம் போட்ட பிறகும் நாணேற்றி, வில்லைத் தலைகீழாகப் பிடித்து, நுனியிலிருந்து பிடி வரை ஒரு கண்ணால் பாருங்கள். நாண் நடுக்கோட்டை விட்டு விலகினால், அது எந்தப் பக்கத்துக்கு விலகியிருக்கிறதோ அதே பக்கத்துக் குதையைக் கொஞ்சம் ஆழமாக்குங்கள். நாண் நடுவுக்கு வரும்.

இப்போது நாண். டாக்ரன் (பொலியெஸ்ரர் இழை) நாண் இழுபடும், அதனால் மரத்துக்கு நல்லது. ஆனால் அதே பலத்துக்குக் கூட இழைகள் வேண்டும், நாண் கனக்கும், குதையில் மாட்டும் கண்ணியும் தடிக்கும். தூரத்துக்கு எய்பவர்கள் டைனீமா வகை (இழுபடாத பொலிஎதிலீன் இழை) நாணைத்தான் போடுகிறார்கள். 1980களின் நடுப்பகுதியில் அந்த வகை நாண் வந்த பிறகுதான் இந்த விளையாட்டே மாறியது. நாணின் எடையில் மூன்றில் ஒரு பங்கை அம்பின் எடையோடு கூட்டிக்கொள் என்பது வில்லை ஆராய்ந்த இன்னொரு பௌதிகவியலாளர் ஹிக்மனின் காலத்துக் கணக்கு. அது இன்னும் செல்லும். திருகோணமலையில் மீன்பிடிச் சாமான் கடைகளில் தொங்கும் பின்னல் நூல் பலதும் இதே குடும்பம்தான். அதில் நாண் முறுக்கலாம், ஆனால் வழுவழுப்பு அதிகம், முடிச்சு நழுவும். முறுக்கிய கண்ணியின் வாலை நன்றாக நீட்டி உள்ளே விடுங்கள். தங்கூசியில் நாண் செய்ய நினைக்காதீர்கள். அது இழுபட்டுக்கொண்டே போகும்.

இழை எத்தனை? நாணின் அறும் பலம் வில்லின் இழுவிசையைப் போல் குறைந்தது 4 மடங்கு இருக்க வேண்டும் என்பது பொதுவான கைக்கணக்கு. 45 இறாத்தல் வில்லுக்கு 180. அம்பு நாணை விட்டதும் லிம்புகள் சட்டென்று நிற்கும், அந்த அடி முழுவதும் நாணில்தான் விழும். இலேசான அம்பில் மிஞ்சும் சக்தி கூட என்பதால் அடியும் பெரிது. ஆகவே ஒன்றிரண்டு இழையைக் குறைத்துத் தூரம் தேடுவதை உங்கள் மூன்றாவது, நான்காவது வில்லுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கண்ணியைச் சின்னதாகச் செய்யுங்கள், அதைக் காக்கச் சுற்றும் நூல் சுற்றை மரத்தைத் தொடும் இடத்தோடு நிறுத்துங்கள். கண்ணியும் நுனியோடு சேர்ந்து ஓடும் எடைதான். பலர் குதையைப் பவுண் போல் நிறுத்துவிட்டு, அதன் மேல் பெரிய கண்ணியைத் தொங்கவிடுகிறார்கள்.

குதையில் பாரம் எங்கே விழுகிறது என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். கண்ணி லிம்பின் வெளிப்பக்கத்தை (எய்பவரைப் பார்க்காத பக்கத்தை) சுற்றி, இரு பக்கமும் இறங்கி, உட்பக்கமாகப் பிடியை நோக்கிப் போகிறது. நாண் நுனியைப் பிடியின் பக்கம் இழுக்கிறது. ஆகவே பாரத்தைச் சுமப்பது காடியின் பிடிப்பக்கத்துத் தோள். காடிக்கு அப்பால், நுனிப் பக்கமாக இருக்கும் மரம் ஒன்றையும் சுமக்கவில்லை. நாணேற்றும்போது கண்ணி வழுவாமல் இருக்கவும், கை தவறினால் பறக்காமல் இருக்கவும் மட்டுமே அது தேவை. 5 அல்லது 6 மில்லிமீற்றர் விட்டால் போதும். அழகுக்காக 2 சென்ரிமீற்றர் கொக்கி விடும் வழக்கத்தை இந்த வில்லில் வெட்டி எறியுங்கள். அதற்குப் பதிலாகத் தோளைக் கவனியுங்கள். 2 மில்லிமீற்றர் நாண் 2 மில்லிமீற்றர் ஆழக் காடியில் இருந்தால் இரண்டு தோளும் சேர்ந்து தரும் இடம் 8 சதுர மில்லிமீற்றர்தான். இழுபடாத மெல்லிய நாண் அந்த இடத்தில் வெறும் மரத்தை வெட்டி உள்ளே இறங்கும், பிறகு நார் வழியே பிளவு ஓடும்.

பக்கக் குதை என்றால் இப்படி வெட்டுங்கள். நுனியின் வெளிப்பக்கத்தில் 2 மில்லிமீற்றர் தடிப்பில் கொம்புத் துண்டை ஒட்டிக் காயவிடுங்கள். நுனிக்கு 6 மில்லிமீற்றர் கீழே வெளிப்பக்கத்தில் பென்சிலால் குறுக்குக் கோடு போடுங்கள். அங்கிருந்து இரண்டு பக்கமும் உட்பக்கத்தை நோக்கிச் சரிவாக, பிடியின் பக்கம் இறங்கும் கோடு போடுங்கள், லிம்பின் நீளத்தோடு 40, 45 பாகை. நாணைவிடக் கொஞ்சம் பருத்த வட்ட அரத்தை எடுத்து, முதலில் கொம்பில் மட்டும் மூலையை உடையுங்கள். அரம் பிடி கண்டதும் சரிவுக்குத் திருப்பி, இந்தப் பக்கம் நாலு இழுப்பு, அந்தப் பக்கம் நாலு இழுப்பு என்று மாறி மாறிப் போங்கள். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மற்றதைத் தொடங்கினால் ஆழம் ஒருபோதும் சமப்படாது. அரம் கொம்பை முடித்து மரத்துக்குள் இறங்கும்போது சத்தம் மாறும், தூளின் நிறமும் கறுப்பிலிருந்து செம்பழுப்பாகும். அந்த இடத்திலிருந்து அழுத்தத்தைக் குறையுங்கள். மரத்தில் மேலோட்டமாக ஒரு தடம் பதிந்தால் போதும், தோள் கொம்பிலேயே இருக்க வேண்டும். உட்பக்கத்து மூலையை வழித்து உருட்டிவிடுங்கள். நாண் இழுபடும் ஒவ்வொரு முறையும் கண்ணியின் இரு கால்களும் அந்த மூலையில் உருளும், கூராக இருந்தால் நூல் சுற்று அரைபட்டுவிடும். கடைசியாகக் கொம்புக்குக் கீழே 1 சென்ரிமீற்றருக்குப் பருத்தி அல்லது பட்டு நூலைப் பசையில் நனைத்துச் சுற்றுங்கள். பிளவு அதற்குக் கீழே ஓடாது. பின்னல் நூலை இதற்குப் பாவிக்காதீர்கள், அதில் எந்தப் பசையும் பிடிக்காது.

முளைக் குதை இதைவிட இலேசு. நுனியை 5, 6 மில்லிமீற்றர் விட்டமுள்ள முளையாகச் சீவி, அடியில் சுற்றிவரத் தோள் விடுவது அது. காடி இல்லாததால் லிம்பை இன்னும் ஒடுக்கலாம், கண்ணியும் முளையைச் சுற்றும் அளவுக்குச் சின்னதாகப் போதும். இந்த இரண்டாவது லாபம்தான் பெரிது. முளை நீளம் 8 மில்லிமீற்றர், தோளும் முளையும் சேரும் மூலை உருண்டையாக இருக்க வேண்டும், அங்கே கூர் மூலை விட்டால் முறிவு அங்கேதான் தொடங்கும். ஆனால் சமண்டலையில் வெறும் மரத்தோள் நாளடைவில் நசுங்கும். நுனியை V வடிவில் வெட்டிக் கொம்பை நுழைத்து ஒட்டி, முளையையும் தோளையும் கொம்பிலேயே செதுக்குவது சரியான முறை. ஒட்டு வாய் நீளமாக, 2 சென்ரிமீற்றருக்குக் குறையாமல் இருக்கட்டும்.

ஒரு கட்டுப்பாடு இதில் உண்டு. முழு இழுப்பில் நாணுக்கும் நுனிக்கும் இடையே 90 பாகைக்கு மேல் திறந்தால், நாண் கண்ணியை முளையிலிருந்து வெளியே தள்ளத் தொடங்கும். 62 அங்குல வில்லை 26 அங்குலம் இழுக்கும்போது அந்த எல்லைக்குக் கிட்டத்தான் நிற்பீர்கள், எந்தப் பக்கம் என்பது லிம்பு எங்கே வளைகிறது என்பதைப் பொறுத்தது. யாரையாவது பக்கவாட்டில் நின்று போனில் படம் எடுக்கச் சொல்லி, படத்தின் மேல் பாகைமானி வைத்துப் பாருங்கள். 80க்குள் என்றால் முளைக் குதை போடலாம். 80க்கும் 90க்கும் இடையில் என்றால் முளையை வெளிப்பக்கமாகச் சற்றுச் சாய்த்து, வெளிப்பக்கத்தில் அரை மில்லிமீற்றர் தடம் ஒன்றும் விடுங்கள். அதற்கு மேல் என்றால் பேசாமல் பக்கக் குதைக்குப் போங்கள், ஒரு கிராமுக்காகக் கண்ணைப் பணயம் வைக்கத் தேவையில்லை.

கொம்புக்கு எங்கும் போக வேண்டாம். தம்பலகாமம், கிண்ணியா பக்கம் எருமைப் பட்டிக்காரரிடம் கேட்டால், செத்த எருமையின் கொம்பு கிடைக்கும். நுனிப் பக்கத்துக் கெட்டிப் பகுதிதான் வேண்டும், அடிப்பகுதி உள்ளே குழல். ஒட்டுவதற்கு முன் ஒட்டும் முகத்தைச் சுரண்டி, தின்னரால் துடையுங்கள். கொழுப்பு இருந்தால் எந்த எபொக்சியும் நாளைக்குக் கழன்றுவிடும். போட் பட்டறையில் கிடைக்கும் பைபர் ரெசின் கொம்புக்கு வேண்டாம், மெதுவாகக் காயும் எபொக்சியே நல்லது. திருகோணமலைக் கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்களின் கொம்பு கண்ணில் படும், கை வைக்காதீர்கள், மான் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு. கொம்பு கிடைக்காவிட்டால் பனை வைரம் நல்லாகவே நிற்கும். சிரட்டையையும் சிலர் சொல்வார்கள். அது கடினம்தான், ஆனால் அடிபட்டால் வெடிக்கும், எனக்கு நம்பிக்கை இல்லை.

ஆங்கிலேயரின் நெடுவில்லில் போடும் முழுக் கொம்புக் குல்லா பார்க்க அழகு, ஆனால் ஒன்றே 4, 5 கிராம் வரும், உங்கள் வேலைக்கு அது ஆகாது. ஒற்றைப் பக்கக் குதை இலேசானது, ஆனால் நாண் நடுவை விட்டு ஒதுங்கி இழுக்கும், 8 மில்லிமீற்றர் நுனி அதைத் தாங்காமல் திரும்பும். ஏற்கெனவே ஒரு பக்கம் திரும்பிய லிம்பை நிமிர்த்த மட்டும் அதைப் பாவிக்கலாம். ஓட்டையைப் பற்றிக் கேட்டீர்கள்: துளை நுனியின் நடு நார்களை அறுக்கிறது, இழுவிசை அந்தத் துளையை ஆப்பு அடித்தது போல் விரிக்கும், நாணை மாற்றவும் முடிச்சைத்தான் அவிழ்க்க வேண்டும். எடையிலும் லாபம் இல்லை.

செய்து முடித்ததும் நேராக இலேசான அம்பைப் பூட்டாதீர்கள். மிக இலேசான அம்பு வில்லுக்கு வெறும் நாண் இழுத்து விட்ட மாதிரித்தான். முதலில் உங்கள் பழைய இலக்கு அம்பில், பாதி இழுப்பில் தொடங்கி முழு இழுப்பு வரை கொண்டுபோங்கள். பிறகு கண்ணியைக் கழற்றி, தோளையும் கொம்புக்குக் கீழே உள்ள நூல் சுற்றின் விளிம்பையும் ஒரு பஞ்சுத் துண்டால் தடவுங்கள். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு பஞ்சு இழையைப் பிடித்துக்கொள்ளும். பிடித்தால் மெல்லிய சுப்பர் குளூவை அதில் ஓடவிட்டு, நூலை மறுபடி சுற்றி, திரும்பவும் கனத்த அம்பிலிருந்து தொடங்குங்கள். முளைக் குதை போட்டால் நாணேற்றும் கயிற்றின் உறை அதில் நிற்காது, குதைக்குக் கீழே லிம்பில் பிடிக்கும் தோல் சேணம் வைத்த கயிறு ஒன்று தைத்துக்கொள்ளுங்கள்.

எய்வதற்கு நிலாவெளிக் கடற்கரை வேண்டாம். கரைவலை இழுப்பவர்களும் சுற்றுலாக்காரர்களும் எந்த நேரத்திலும் குறுக்கே வருவார்கள், கச்சான் காற்று அம்பைக் கடலுக்குள் கொண்டுபோகும். சிறுபோக அறுவடை முடிந்த தம்பலகாமத்து வயல்வெளி, உரியவரிடம் கேட்டுக்கொண்டு, இரண்டு பக்கமும் ஆள் நிறுத்தி, 500 மீற்றர் வெறுமையாக இருப்பதைப் பார்த்த பிறகு. கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். கீழ் லிம்பில் அரம் வைப்பதற்கு முன், மேல் நுனியின் அகலம், தடிப்பு, முழு இழுப்புப் படத்தில் வந்த கோணம் மூன்றையும் எழுதி அனுப்புங்கள், கோணத்தைப் பார்த்து எந்தக் குதை என்று சொல்கிறேன்.